வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

திருத்துறைப்பூண்டி

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. "டி.எஸ்.எச். 14 இருக்கும்மா, தைராய்டு ரொம்ப அதிகமாயிடுச்சு" என்றாய். அதிகமாகவில்லை கண்ணு, குறைந்திருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அது கழுத்தில் இருக்கும் தைராய்டை "சுர, சுர" என்று முடுக்கிவிட அனுப்புவதுதான் டி.எஸ்.எச். நம் கடைமடையை நினைத்துக்கொள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. வராவிட்டால் சாலை மறியல் வரை போகும். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய பிட்யூட்டரி சத்தத்தைக் கூட்டும், போதுமானது வந்ததும் அடங்கிவிடும். உன் ரிப்போர்ட்டில் இருக்கும் 14 அந்தச் சத்தம்தான்.

தைராய்டு, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி குரல்வளைக்குக் கீழே ஒட்டியிருக்கும். எடை சுமார் 20 கிராம்தான். சாப்பாட்டில் வரும் அயோடினை ரத்தத்திலிருந்து இழுத்து, தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தில் உள்ள டைரோசின் என்ற சிறு துண்டுகளின் மேல் ஏற்றும். நான்கு அயோடின் ஏறினால் டி4, மூன்று என்றால் டி3. இவைதான் தைராய்டு ஹார்மோன். இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டியதைப் பத்தாயத்தில் நெல் கொட்டுகிற மாதிரி உள்ளேயே சேர்த்தும் வைத்துக்கொள்ளும். வெளியே விடுவது பெரும்பாலும் டி4. அது நெல். கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் ஒரு அயோடினைக் கழற்றி டி3 ஆக்கினால்தான் அரிசி. அந்த டி3 செல்லின் உட்கருவுக்குள் போய், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறது. உடம்புச் சூடு, இதயத் துடிப்பு, குடல் நகரும் வேகம் எல்லாமே அதன் கையில். சித்திரை வெயிலில் வந்தவள் ஃபேனை நிறுத்தச் சொல்லி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாயே, சீப்பில் கொத்தாக முடி வந்ததே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டு அத்தை, கல் உப்பை விட்டு அயோடின் உப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார். அயோடின் உப்பு எல்லோருக்கும் வேண்டியதுதான். வேதாரண்யத்து உப்பாகவே இருந்தாலும் கடல் உப்பில் அயோடின் மிகக் குறைவு, தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. ஆனால் உனக்கு ஆன்டிபாடி இருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது என்று அர்த்தம். இதை உப்பைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. உனக்கு மாத்திரைதான். சுரப்பி விட வேண்டிய அதே டி4தான் அதில் இருக்கிறது.

எனக்கும் இதே மாத்திரைதான். எழுதிக் கொடுத்த இடத்தில் அதை எப்படிப் போடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நாலு வருஷம் காலை காபியோடு சேர்த்தே விழுங்கினேன். டோஸ் ஏறிக்கொண்டே போனது, அலுப்பு மட்டும் போகவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாலு வருஷம் எனக்கு மிஞ்சியிருக்கும். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. நீ அப்படிச் செய்யாதே. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி.

அப்புறம், பத்தாம் நாளே டெஸ்டுக்கு ஓடாதே. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். அளவு நிலைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கொஞ்சம் தெம்பு வந்ததும் "இனி எதற்கு" என்று நிறுத்தவும் கூடாது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைக்குத் திட்டமிடுவதாகச் சொன்னாய். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். கருவின் தைராய்டு வேலையைத் தொடங்கச் சுமார் 12 வாரம் ஆகும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு உன் ஹார்மோன்தான் ஆதாரம். நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே டாக்டரிடம் சொல், டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும். முதல் செக்கப் வரட்டும் என்று காத்திருக்காதே.

காலையில் மாத்திரை போட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நானும் அதற்கப்புறம்தான் காபிக்கு அடுப்பைப் பற்றவைப்பேன்.

அன்புடன்,
அம்மா