எந்தப் பெயர் எந்தச் சுவரில்: டெல்லியிலிருந்து மலேசியாவின் தைப்பிங்குக்கு ஒரு கடிதம்

ஆர்.கே. புரம், புது டெல்லி
செப்டம்பர் 14

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். பெரியம்மாவுக்கு முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? நாங்கள் எல்லோரும் நலம். இங்கே மழை ஓய்கிறது. இனி தீபாவளி வரைக்கும் டெல்லியில் மனிதர் வெளியே நடமாடலாம், அதற்குப் பிறகு புகை. நம் ஊர் மழைக்குப் பழகிய உடம்புக்கு இந்த ஊர்க் காற்று ஒரு தண்டனைதான். மற்றபடி குறையில்லை. மலை மந்திர் முருகன் பக்கத்திலேயே இருக்கிறான், முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது.

நவம்பரில் நண்பர்களோடு வருவதாகவும், இந்தியா கேட்டில் மலர் வளையம் வைத்துவிட்டு, ஜப்பான்காரன் காலத்துச் சண்டையில் போன நம் ஆட்களின் பெயர்களை அங்கே தேட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணத்தை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்கள் அங்கே இல்லை. இந்தியா கேட் முதல் உலகப் போருக்கானது. 1921-இல் அடிக்கல் நாட்டி 1931-இல் திறந்தார்கள். 1914 முதல் 1921 வரை இறந்த 70,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் நினைவாகக் கட்டியது என்றாலும், கல்லில் இருக்கும் பெயர்கள் 13,000 சொச்சம்தான். அவையும் பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் 1919 ஆப்கன் போரிலும் இறந்தவர்கள். பிரான்சில் இறந்தவருக்குப் பிரான்சில், மெசபொட்டேமியாவில் இறந்தவருக்குப் பாஸ்ராவில் என்று பிரித்துவிட்டார்கள். கிட்டே போய்ப் படிக்கவும் விடமாட்டார்கள், சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். பெயர்களோ உயரத்தில். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், வேறு பலன் இல்லை.

இறந்தவர் எந்த ஆண்டில், எந்த மண்ணில், எந்தப் படையின் சம்பளப் பட்டியலில் இருந்தார் என்ற மூன்றும் தெரிந்தால்தான் எந்தச் சுவர் என்று சொல்ல முடியும். இங்கே வருகிறவர்கள் இது தெரியாமல்தான் ஒரு நாளை வீணாக்குகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து மலாயாவில் இறந்து, உடல் கிடைக்காமல் போனவர் என்றால் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கும். அங்கே தூண் தூணாக 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்கு அதே வளாகத்தில் தனி நினைவு உண்டு. பர்மாவில் காணாமல் போனவருக்கு ரங்கூன் பக்கத்தில் தௌச்சான் நினைவிடம். உடல் கிடைத்துப் புதைத்திருந்தால், உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தைப்பிங் போர்க் கல்லறையாகவே இருக்கலாம். அங்கே உள்ள 850-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் பாதிக்கு மேல் யாருடையது என்றே தெரியாதவை. அந்தப் பெயரில்லாக் கற்களில் எத்தனை பேர் நம்மவர்களோ.

ஆகவே விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடச் சொல்லுங்கள். அந்தப் பதிவில் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்கள் மட்டுமே வருவார்கள். மலாயா எமர்ஜென்சி காலத்தில் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்டு 1950-களில் இறந்தவரை அங்கே தேடாதீர்கள்.

தேடும்போது எல்லோரும் இடறி விழுவது எழுத்தில்தான். முத்துசாமி என்ற ஒரு பெயரையே அன்றைய குமாஸ்தாக்கள் ஆங்கிலத்தில் ஆறேழு விதமாக எழுதியிருப்பார்கள். 'து'வில் ஒரு எச் இருக்கும் அல்லது இருக்காது, சாமி ஸ்வாமியாகும், ஆங்கிலத்தில் கடைசி எழுத்து 'ஐ'யா 'ஒய்'யா என்பது எழுதியவர் மனம். முன்னெழுத்தும் பெரும்பாலும் இருக்காது. அதனால் பெயரை மட்டும் நம்பாமல் இந்தியப் படை என்று தேர்ந்தெடுத்து, ஆண்டையும் படைப்பிரிவையும் வைத்துச் சலித்தெடுங்கள். கூடுதல் விவரம் என்ற இடத்தில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், ஜில்லா இருக்கக்கூடும். ஆள் அவர்தானா என்பதை அதை வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும். ஊர்ப் பெயர்கள் பழைய வழக்கில்தான் வரும்: திருச்சிராப்பள்ளி டிரிச்சினாப்பொலி, தஞ்சாவூர் டாஞ்சூர், திருநெல்வேலி டின்னவெல்லி, ராமநாதபுரம் ராம்நாட்.

இன்னொன்று, தமிழர் என்றாலே மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று எண்ணி அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ரெஜிமென்டை 1920-களில் கலைத்துவிட்டு, இரண்டாம் போரின் நடுவில்தான் மறுபடி திரட்டினார்கள். அதற்குள் நம் ஆட்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையிலும், பயனியர் கோர் என்ற உடலுழைப்புப் படையிலும், சப்ளை பிரிவிலும், ஆம்புலன்ஸ் பிரிவிலும் சேர்ந்திருந்தார்கள். மலாயாவிலேயே தொண்டர் படையில் சேர்ந்தவர் இந்தியப் படைக் கணக்கில் வரவே மாட்டார்.

சரி, டெல்லியில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் காரியத்துக்கு ஏற்ற இடம் கண்டோன்மென்ட் பகுதியில் பிரார் சதுக்கத்தில் இருக்கும் டெல்லி போர்க் கல்லறை. 1951-இல், வட இந்தியாவில் பராமரிக்க முடியாமல் சிதறிக் கிடந்த கல்லறைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் அமைத்தார்கள். பிரிவினைக்கு முந்தைய இந்தியப் படைகளில் 1939 முதல் 1945 வரை இறந்த 25,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான நினைவும் அங்கேயே உண்டு. சுற்றுலாக் கூட்டம் கிடையாது. புல் ஒட்ட வெட்டியிருக்கும், மரத்தடியில் கிளிச் சத்தம் மட்டும் கேட்கும். நவம்பர் இரண்டாம் ஞாயிறு காலையில் தூதரகத்தார் கூடி அஞ்சலி செய்வது இங்கேதான். அன்றைக்குப் போவதாக இருந்தால் உங்கள் தூதரகத்துக்கு முன்கூட்டியே எழுதிப் பெயர் கொடுத்துவிடுங்கள், வாசலில் வந்து நின்று கேட்டால் நடக்காது.

அந்த ஆணையத்தின் நிமிர்ந்த நடுகற்களுக்குப் பொதுவாக ஒரே அளவுதான்: 81 சென்டிமீட்டர் உயரம், 38 அகலம். ஜெனரலுக்கும் சமையல்காரருக்கும் ஒன்றே. மேலே படைப்பிரிவின் முத்திரை, அதன் கீழ் எண், பதவி, பெயர், இறந்த நாள், மதக் குறி. மாரியப்பன் அண்ணன் குங்குமமும் சந்தனமும் எடுத்துவருவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கல்லில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெள்ளைக் கல் எண்ணெயையும் மஞ்சளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் தேய்த்தால் எழுத்துதான் தேயும், கறை போகாது. இளநீரும் பாலும் அப்படியே, பாசி பிடிக்கும். பூவை அடியில் மண்மீது வையுங்கள், போதும்.

மலர் வளையம் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவைக்க வேண்டும். 'கேந்தா' என்று கேட்டால்தான் செண்டுமல்லி கிடைக்கும். ஒன்றரை அடி விட்டம் போதும், அதற்கு மேல் போனால் ஒருவர் நேராகப் பிடித்து நடக்க முடியாது. அடியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வைக்கோலை மட்டும் சுற்றித் தருவார்கள், ஈரம் ஏறினதும் அது ஒரு பக்கம் தொய்ந்துவிடும். ஜிகினாத் தாள் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கல்யாண மேடை மாதிரி செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். ரிப்பனில் எழுத வேண்டியதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள். தமிழில் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

வைக்கும் முறை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கூட வருகிற சிவிலியன்களுக்குச் சொல்லிவையுங்கள். வளையத்தை வைத்ததும் இரண்டு அடி பின்வாங்கித் தலை தாழ்த்த வேண்டும், சல்யூட் அவர்களுக்கு இல்லை. பிறகு லாஸ்ட் போஸ்ட் என்ற பியூகிள் இசை, இரண்டு நிமிட மௌனம், ரவுஸ் என்ற முடிவு இசை. பியூகிள் வாசிக்க ஆள் இல்லாவிட்டால் போனில் ஒலிக்கவிடலாம், ஆனால் முதல் நாளே சோதித்துப் பாருங்கள். நடுவில் விளம்பரம் ஓடினால் அதைவிட அவமானம் வேறில்லை.

அடுத்தது தேசியப் போர் நினைவிடம். இந்தியா கேட்டுக்குப் பின்னாலேயே, கிட்டத்தட்ட 40 ஏக்கரில், 2019 பிப்ரவரி 25-இல் திறந்தது. அதை வடிவமைத்தது சென்னைக்காரரான யோகேஷ் சந்திரஹாசனின் குழு. இது 1947-க்குப் பிறகு இறந்த இந்தியப் படையினருக்கு மட்டும். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள். நடு வட்டத்தில் 15.5 மீட்டர் தூணின் அடியில் அணையா விளக்கு. முன்பு இந்தியா கேட்டின் கீழ் 1972-இலிருந்து எரிந்த சுடரை 2022 ஜனவரி 21-இல் இதோடு சேர்த்துவிட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது தியாக சக்கரம். சக்கர வியூகம் போல வளைந்து வளைந்து 16 சுவர்கள், ஒரு வீரருக்கு ஒரு கருங்கல் பலகை, பொன் எழுத்தில் பெயர். திறந்தபோதே 25,942 பெயர்கள் இருந்தன. கண்ணால் தேடி ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது. வளாகத்தில் உள்ள தொடுதிரையில் பெயரைப் போட்டு, எந்தச் சுவர் என்று பார்த்துக்கொண்டு போங்கள். சென்னையைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் பெயரைத்தான் இங்கே தமிழர்கள் அதிகம் தேடுகிறார்கள்.

பக்கத்தில் பரம் வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் உள்ளன. அவர்களில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் ஒருவர். அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய், 1987 நவம்பர் 25-இல் அங்கே இறந்தவர். உங்கள் குழுவில் சிலோன் தமிழர் யாராவது வருகிறார்கள் என்றால், அந்தச் சிலைக்கு முன் நின்று விளக்கம் சொல்வதை விட்டுவிடுங்கள். அந்தப் போரை யாழ்ப்பாணம் நினைவில் வைத்திருக்கும் விதம் வேறு. இறந்தவருக்கு மரியாதை செய்ய வந்த இடத்தில் வாக்குவாதம் வேண்டாம்.

நுழைவு இலவசம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி சோதனையிலேயே பிடுங்கப்படும். பொழுது சாய்வதற்கு முன் ரிட்ரீட் என்ற அந்திச் சடங்கு நடக்கும். அப்போது அன்றைக்கு முறையுள்ள ஒரு வீரரின் குடும்பத்தார் வந்து மலர் வளையம் வைப்பார்கள். நவம்பரில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும், எனவே நான்கு மணிக்கே உள்ளே இருங்கள். போனவர் தாயாரோ மனைவியோ நடந்து வருவார், கூட ஒரு ஜவான் வருவார். கைதட்டிவிடாதீர்கள். சிலர் தட்டுகிறார்கள், எனக்குப் பிடிப்பதில்லை.

இனி உங்கள் கேள்விகளில் கடினமானது. தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்து, 1943-இல் நேதாஜி படையில் சேர்ந்து, இம்பால் பின்வாங்கலில் பர்மாக் காட்டில் இறந்தவர்கள் எந்தச் சுவரில் இருக்கிறார்கள்? எந்தச் சுவரிலும் இல்லை பெரியப்பா. ஆணையத்தின் கணக்கில் அவர்கள் எதிரி அணி. தேசிய நினைவிடத்தின் கணக்கில் 1947-க்கு முந்தியவர்கள். சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். டெல்லியில் அவர்களுக்காக நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. இந்தியா கேட்டுக்குக் கிழக்கே, முன்பு ஐந்தாம் ஜார்ஜ் சிலை நின்ற மண்டபத்தில், 2022-இல் வைத்த 28 அடிக் கருங்கல் நேதாஜி சிலை ஒன்று. 1945 இறுதியில் அந்தப் படையின் அதிகாரிகளை விசாரித்த செங்கோட்டையில் இருக்கும் அருங்காட்சியகம் இன்னொன்று. செங்கோட்டைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ஊதா நிற மெட்ரோவில் லால் கிலா நிலையத்தில் இறங்க வேண்டும். உங்கள் வளையங்களில் ஒன்றை நேதாஜி சிலைக்கு என்று ஒதுக்கிவையுங்கள் என்பது என் யோசனை. காவலரிடம் கேட்டுவிட்டு, அவர் காட்டும் இடத்தில் வைக்கலாம்.

ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் இறந்த நம் தோட்டத்து ஜனங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் சிப்பாய்கள் இல்லை என்பதால் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்தப் பாதையில் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கற்கள், பெயரோடும் தேதியோடும் இருக்கின்றன. சிப்பாய்களிலேயே எல்லோரையும் சமமாக நடத்தவில்லை என்று ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் வரை முதல் உலகப் போர்க் கணக்கில் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், பெயரே பதியாதவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்றும் அவர்களுடைய அறிக்கை சொல்கிறது. பாஸ்ரா நினைவிடத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு, இந்தியச் சிப்பாய்க்குத் தலைக்கணக்கு மட்டும்.

உங்கள் பட்டியலை அனுப்பும்போது பெயரைத் தமிழிலும், பழைய காகிதத்தில் ஆங்கிலத்தில் எப்படி இருந்ததோ அப்படியேயும் எழுதச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இந்தியப் படைக்குக் கொடுத்த வட்டப் பதக்கங்களில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அந்த விளிம்பில்தான் பொறித்திருக்கும், மெழுகு தடவி மெருகேற்றிவிடாதீர்கள். 1947-க்குப் பிந்தியவர் யாராவது இருந்தால் அந்தந்த ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்துக்கு நான் எழுதுகிறேன். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கு. பதில் வர மாதக்கணக்காகும், அதனால் இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள்.

எல்லோருக்கும் கம்பளிச் சட்டை ஒன்றும் மாஸ்க்கும் அவசியம். பெரியம்மாவிடம் கொஞ்சம் பெலாச்சான் இறால் விழுதும் ஈப்போ வெள்ளைக் காப்பிப் பொட்டலம் இரண்டும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பெலாச்சானை நன்றாகச் சுற்றிப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
கலா