ரயில் போன வழியைத் துண்டு போடாதீர்கள்

ரயில் ஓடாத பழைய பாதையின் நிலத்தை வைத்திருக்கும் ரயில்வே நிர்வாகத்துக்கும், அது தங்கள் கைக்கு வரக் காத்திருக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும்,

வணக்கம். அந்தப் பாதையில் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் ஆசைப்படும் ஒருவர் எழுதும் மடல் இது. பெஞ்சு, விளக்கு, பூச்செடி எதையும் கேட்கப்போவதில்லை. அவை பத்து வருடம் கழித்து வந்தாலும் பரவாயில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாதீர்கள்.

உங்கள் பதிவேட்டில் அது இத்தனை ஏக்கர் என்று இருக்கும். ஏக்கர் கணக்கில் பார்த்தால் அது ஒன்றுக்கும் உதவாத நிலம்தான். சில மீட்டர் அகலம், பல கிலோமீட்டர் நீளம். அதன் மதிப்பு முழுக்க அந்த நீளத்தில் இருக்கிறது. நடுவில் இருநூறு மீட்டரை யாருக்காவது எழுதிக் கொடுத்தால், முழுப் பாதையும் போன மாதிரிதான். பிரிட்டனில் 1960-களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதையை மூடிய பிறகு இதுதான் நடந்தது. நிலம் பலர் கைக்குப் போயிற்று. பாலங்கள் பல இடிபட்டன. விற்ற காசு எப்போதோ செலவாகியிருக்கும். விட்டுப்போன இடைவெளிகளை ஒட்டவைக்க இன்றும் அங்கே போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு இடத்தில் புதுப்பாதை போட்டுத் தருகிறோம் என்பீர்கள். போடலாம். இந்த மெதுவான சரிவுக்கு எங்கே போவீர்கள்? இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஏற்றம் ஏறத் திணறும். அதனால்தான் அன்று பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, குன்றைக் குடைந்தார்கள். நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும். அதுபோல் இரண்டு மடங்கு ஏறினாலே ரயில்காரர்களுக்கு அது செங்குத்து. சைக்கிள் பழகும் பிள்ளைக்கும், மூட்டு வலியோடு நடப்பவருக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இதைவிடத் தோதான பாதை கிடைக்காது. தண்ணீர் வடிய மதகு, ஓடை தாண்டப் பாலம் எல்லாம் கட்டியே இருக்கிறது. இதைப் புதிதாகக் கட்ட என்ன ஆகும் என்று உங்கள் பொறியாளரிடமே கேட்டுப் பாருங்கள்.

முன்மாதிரி கேட்பீர்கள் என்று தெரியும். அமெரிக்காவின் விஸ்கான்சினில், பழைய ரயில் தடத்தின் மேல், எல்ராய்–ஸ்பார்ட்டா சைக்கிள் பாதை 1960-களிலேயே வந்துவிட்டது. 51 கிலோமீட்டர், மூன்று சுரங்கங்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல்–பாத் பாதையைத் தன்னார்வலர்கள் 1979-இல் தொடங்கி, துண்டு துண்டாகவே போட்டு, 1986-இல் முடித்தார்கள். துண்டாகப் போடுவதில் தப்பில்லை, துண்டாக விற்பதில்தான் தப்பு. எனக்குப் பிடித்தது நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதிப் பாதை. அங்கே 1990-இல் ரயில் நின்றது, 2000-இல் 152 கிலோமீட்டரும் திறந்தது. ரயில் போனதும் ஓய்ந்துகிடந்த சிற்றூர்களில் இன்று சைக்கிள்காரர்கள் இரவு தங்கிச் சாப்பிட்டுப் போகிறார்கள்.

நாளைக்கு ரயில் மறுபடி தேவைப்பட்டால்? நியாயமான கேள்வி. அதற்காகவே அமெரிக்கா 1983-இல் சட்டத்தைத் திருத்தியது. பாதையைக் கைவிட்டதாகக் கொள்ளாமல், எதிர்கால ரயிலுக்காக நிலத்தைக் காத்துவைத்து, அதுவரை மக்கள் நடக்கட்டும் என்பது ஏற்பாடு. 1990-இல் அங்கே உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. ஆனால் 2014-இல் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் வேறு பாடம் சொன்னது. அங்கே ரயில்வேக்கு இருந்தது நிலத்தின் மேல் போகும் உரிமை மட்டும். ரயில் நின்றதும் அந்த உரிமை முடிந்தது, நிலம் பக்கத்து உரிமையாளருக்கே என்று தீர்ப்பானது. ஆகவே வரைபடம் போடும் முன் மூலப் பத்திரத்தைத் தூசி தட்டுங்கள். எந்தத் துண்டு உங்கள் சொந்தம், எந்தத் துண்டில் வழியுரிமை மட்டும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் எதிர்ப்பார்கள். கொல்லைப்புறத்தில் முன்பின் தெரியாதவர்கள் நடப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அதை அலட்சியம் செய்யாதீர்கள். வேலி எங்கே, மாடு கடக்கும் வழி எங்கே என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. பழைய சிலீப்பர் கட்டைகளில், மரம் மக்காமலிருக்கப் பூசும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஊறியிருக்கும், ஜல்லிக்கடியில் பல வருடம் தெளித்த களைக்கொல்லி தங்கியிருக்கலாம். மண்ணைச் சோதிக்காமல் பிள்ளைகளை அதில் விடக்கூடாது. அழகாக இருக்கிறதென்று அந்தக் கட்டையிலேயே பெஞ்சு செய்யவும் வேண்டாம்.

தண்டவாளத்தைப் பழைய இரும்பாக விற்றுக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. அந்த ஏலப் பட்டியலில் பாலத்தின் கர்டர்களும் சேர்ந்திருந்தால், அந்த வரியை மட்டும் இந்த வாரமே அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நடந்து போகக் காத்திருக்கும் ஒருவர்