கழுத்துல அடின்னா எக்ஸ்ரேயோட விட்டுடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் எங்கப்பா, வயசு 71, வண்டியில இருந்து வழுக்கி விழுந்தாரு, பக்கத்து ஆஸ்பத்திரில ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வெறும் சுளுக்குதான்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. நாலு நாளா மனுஷன் தலைய ரெண்டு கையால தாங்கிக்கிட்டேதான் படுக்கையில இருந்து எந்திரிக்கிறாரு, இத பாத்த இன்னொரு டாக்டர் உடனே காலர் மாட்டி சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு, பாத்தா ரெண்டாவது கழுத்தெலும்புல மேல முளை மாதிரி நிக்குமே, அது அடியோட உடைஞ்சிருக்கு!

அந்த எடத்துல பல்லு, தாடை, மண்டை எலும்பு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுறதால எக்ஸ்ரேல உடைப்பு மறைஞ்சுடுமாம். எலும்புக்கு சிடி, தண்டுவடம், தசைநார் பாக்க எம்ஆர்ஐ, அதுபோக மூளைக்குப் போற ரத்தக்குழாய் அந்த எலும்புக்குள்ளயே ஓடுறதால ஆபரேஷன்ல எலும்புக்கு ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி அது எப்படிப் போகுதுன்னும் பாத்துக்கிட்டாங்க.

வயசானவங்களுக்கு இந்த உடைப்பு தானா கூடுறது கஷ்டம். அதான் முதல் ரெண்டு எலும்பையும் ஸ்க்ரூ போட்டு சேத்து இறுக்கிட்டாங்க. இந்த மாதிரி முறைய 1994லயே எழுதினவரு மும்பை டாக்டர் அதுல் கோயல், இது எத்தன பேருக்குத் தெரியும்? என்ன, கழுத்து திரும்புறதுல பாதி போயிடுச்சு, கூப்பிட்டா அப்பா இப்ப உடம்போடதான் திரும்புறாரு.

உங்க மருத்துவப் பக்கத்துல சுகர், பிரஷர் மட்டும் போடாம இதையும் ஒரு வாரம் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்