ஞாயிறு நான்கு மணிக்கு நாற்காலி போட்டவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

அமெரிக்காவின் அயோவா சிட்டியில், பல நாட்டு எழுத்தாளர்கள் தங்கள் எழுத்தை வாசிக்கும் 2025ஆம் ஆண்டின் இலையுதிர்கால வாசிப்புகள் ஒருவழியாக நடந்து முடிந்துவிட்டன. நடக்குமா என்பதே வசந்தத்தில் சந்தேகமாக இருந்தது. நடத்திக் கொடுத்தவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு நன்றி அட்டை எழுதினேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. மனசில் உள்ளதைச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வசம். தவிர, உதவியவர்களில் தமிழர்களும் இருக்கிறீர்கள்.

விவரம் தெரியாதவர்களுக்கு: பால் எங்கிளும் ஹுவாலிங் நியேவும் 1967இல் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது பன்னாட்டு எழுத்தாளர் திட்டம். ஆண்டுதோறும் ஆகஸ்டு கடைசியில் பல நாடுகளிலிருந்து எழுத்தாளர்கள் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் தங்குவார்கள். இதுவரை 1,600 பேருக்கு மேல் வந்து போயிருக்கிறார்கள். ஓரான் பாமுக் 1985இலும் ஹான் காங் 1998இலும் மோ யான் 2004இலும் இங்கே இருந்தவர்கள். நோபல் பிறகுதான் வந்தது. 1973இல் நம் அசோகமித்திரன் வந்தார். அந்த நாட்களை வைத்து அவர் எழுதிய ‘ஒற்றன்’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்த ஊர்க் குளிரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டாம்.

வருகிறவர்களைப் பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள் பூட்டி வைத்துக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமைகளில் நகரப் பொது நூலகத்தில் பேசுவார்கள், திட்டத்தின் அலுவலகமான ஷாம்பா இல்லத்தில் வாசிப்பார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு பிரெய்ரி லைட்ஸ் புத்தகக் கடையின் மாடியில் வாசிப்பு. யார் வேண்டுமானாலும் வரலாம். கட்டணம் கிடையாது, அடையாள அட்டை கேட்பதில்லை. “நீங்கள் எந்தத் துறை?” என்றுகூட யாரும் கேட்டதில்லை. கணவரின் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, பல்கலைக்கழகத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாமல் இருந்த எனக்கு அந்தக் கேள்வி வராததே பெரிய உபகாரம்.

2025 பிப்ரவரி கடைசியில் அமெரிக்க வெளியுறவுத் துறை இந்தத் திட்டத்துக்குக் கொடுத்துவந்த மானியங்களை நிறுத்திவிட்டது. ஏறத்தாழ பத்து லட்சம் டாலர். கோடையில் இளைஞர்களுக்கு நடத்திய பயிலரங்கு அந்த ஆண்டு இல்லாமல் போயிற்று. எழுத்தாளர் வருகையை மட்டும் விட்டுவிட மாட்டோம் என்று இயக்குநர் கிறிஸ்டோபர் மெரிலும் அவருடன் இருப்பவர்களும் நின்றார்கள். வழக்கத்தைவிடக் குறைவானவர்கள்தான் வந்தார்கள். ஆனாலும் வந்தார்கள். அந்த அலுவலகத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் என் முதல் நன்றி. விசாவும் விமானச் சீட்டும் ஒரு மனிதரை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மானியம் நின்றதும் திட்டத்துக்குப் பணம் அனுப்பியவர்களே, உங்களில் சிலரிடம் நானே போனில் கேட்டேன். “அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு நாம் எதற்கு?” என்று கேட்டுவிட்டு, மறுநாளே இருபது டாலர் போட்ட அண்ணன் ஒருவர் உண்டு. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். சொல்லவில்லை.

அடுத்தது புத்தகக் கடைக்காரர்கள். 1978இல் தொடங்கிய கடை. ஞாயிற்றுக்கிழமை நல்ல வியாபார நேரத்தில் மாடியில் நாற்காலி போட்டு, ஒலிவாங்கி வைத்து, முடிந்ததும் மறுபடி அடுக்கி வைக்கிறார்கள். வாசிக்க வருகிற பலருக்கு ஆங்கிலத்தில் புத்தகமே இருக்காது. கடைக்கு அன்று விற்க ஒன்றும் இருக்காது. அது தெரிந்தேதான் செய்கிறார்கள். வாசிப்பு முடிந்து ஒரு புத்தகம்கூட வாங்காமல் படியிறங்கிய நாட்களில் என்னை யாரும் ஒரு மாதிரிப் பார்த்ததில்லை. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மொழிபெயர்ப்பு படிக்கும் மாணவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வந்திருக்கும் எழுத்தாளரோடு உட்கார்ந்து, வரி வரியாகப் பேசி, வாசிக்க ஒரு ஆங்கில வடிவம் தயாராக்குகிறார்கள். இதில் அவர்களுக்குப் பெயர் வருவது குறைவு. ஒரு ஞாயிறு, கவிஞர் ஒருவர் முதலில் தன் மொழியிலேயே கவிதையை முழுக்கப் படித்தார். அறையில் அந்த மொழி தெரிந்தவர் அவரோடு சேர்ந்து உழைத்த மாணவி மட்டும்தான் என்று நினைக்கிறேன். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு எழுந்து ஆங்கிலத்தில் படித்தாள். கைதட்டு வந்ததும் ஒரு எட்டு பின்னால் தள்ளி நின்றுகொண்டாள். தங்கச்சி, அந்தக் கைதட்டில் பாதி உனக்கும்தான்.

கேள்வி கேட்டவர்களுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்தாட்டம் என்றால் கின்னிக் மைதானத்தில் அறுபத்தொன்பதாயிரம் பேர் உட்காருவார்கள்; தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. மறுநாள் மாடியில் நாற்பது பேர் இருந்தால் நல்ல கூட்டம். அந்த நாற்பதில் பேராசிரியர்கள் குறைவு. ஓய்வுபெற்ற நர்ஸ், தச்சு வேலை செய்கிறவர், கைக்குழந்தையோடு வரும் தாய், சோள வயலை மகனிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெரியவர். வறட்சியைப் பற்றிய ஒரு கதை முடிந்ததும் அந்தப் பெரியவர் கை தூக்கி, “உங்கள் பக்கம் கிணறு எத்தனை அடி?” என்று கேட்டார். எழுத்தாளர் முகம் மலர்ந்துவிட்டது. உருவம், உத்தி என்று அதுவரை வந்த கேள்விகளுக்கெல்லாம் அளந்து அளந்து பதில் சொன்னவர், கிணற்றைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். நிகழ்ச்சியை நடத்தியவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் நிறுத்தவில்லை. அவருக்கும் நன்றி.

நூலக ஊழியர்களுக்கும் அரங்கப் பதிவுகளைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும் என் வணக்கம். கேம்பஸ் பேருந்து ஓட்டும் மாணவர்களே, உங்களை மறப்பேனா? 1972இலிருந்து மாணவர்களே ஓட்டும் பேருந்து. ஊர்க்காரர்களும் காசில்லாமல் ஏறலாம். கார் ஓட்டத் தெரியாத நான் இலக்கியம் கேட்க வந்து திரும்பியதெல்லாம் உங்கள் தயவில்தான். அக்டோபர் மழையில் நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக் காத்திருந்த பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

ஹுவாலிங் நியே அம்மா 2024 அக்டோபரில், 99 வயதில், இதே ஊரில் காலமானார். சீனாவில் பிறந்து, தைவான் வழியாக இங்கே வந்தவர். மானியம் நின்ற செய்தி அவர் காதுக்கு எட்டவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். வந்தவர்களுக்கு வீட்டில் சோறு போட்டே இந்தத் திட்டத்தை வளர்த்தவர் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

கடைசியாக, வந்து வாசித்த எழுத்தாளர்களுக்கு. உங்களில் சிலர் ஊர் திரும்பினால் இந்த அளவு தாராளமாகப் பேச முடியாது என்று கேள்விப்பட்டேன். அதனால் யார், எந்த நாடு, என்ன சொன்னீர்கள் என்று இங்கே எழுதவில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பக்கம் உறவுக்காரர்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள். டபியூக் தெருவில் கடை, மாடியில் வாசிப்பு. மூன்றே முக்காலுக்கு வந்தால் முன்வரிசை கிடைக்கும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அயோவாவிலிருந்து ஒரு வாசகி