உள்ளியைப் பூக்க விடப்போகிறோம்

நாள்: 24.11.2025

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக உங்கள் வீட்டுப் பிள்ளை "உள்ளி (சின்ன வெங்காயம்) பூக்குமா?" என்று கேட்டு நச்சரித்தால், அதற்கு முழுக் காரணம் நான்தான். கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போனில் ஒரு பூவைப் பார்த்திருக்கிறார்கள். இலையே இல்லாத நீளத் தண்டு, அதன் உச்சியில் ஊதா நிறத்தில் பந்து மாதிரி ஒரு பூ. அலங்காரத்துக்கு வளர்க்கும் அல்லியம் அது. நம் உள்ளியும் பல்லாரியும் (பெரிய வெங்காயம்) பூடும் அதே இனம்தான். அதில் பெரிய வகையான ஜைகாண்டியம் ஐந்தடி வரை வளரும். பள்ளித் தோட்டத்தில் அது வேண்டும் என்றார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இணையக் கடை ஒன்றில் 12 கிழங்கு வாங்கினேன் (என் கைக்காசு, பள்ளிப் பணம் இல்லை). 'எல்லாச் சூழலுக்கும் ஏற்றது' என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பியது என் தப்பு.

ஐப்பசியில் பத்துக் கிழங்கை நட்டோம். மூன்று வாரத்தில் முளை வந்தது. அப்புறம் நம்மூர் மழையும் வந்தது. தோண்டிப் பார்த்தபோது கிழங்கு கையோடு கூழாக வந்தது, நாற்றம் வேறு.

அந்தச் செடியின் சொந்த ஊர் நடு ஆசிய மலைகள். அங்கே குளிர்காலம் முழுக்கப் பனி, கோடையில் மண் காய்ந்து கிடக்கும். கிழங்கு பல வாரம் கடுங்குளிரில் கிடந்தால்தான் உள்ளே பூமொட்டு ஒழுங்காக உருவாகும், தண்டும் நீளும். பூத்து முடிந்து தூங்கும்போது ஈரம் ஆகாது. நமக்கோ மார்கழி விடியலில்கூடப் போர்வை தேவையில்லை, மழையோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவம்.

மீதி இரண்டையும் வீட்டு ஃப்ரிட்ஜில் 12 வாரம் வைத்தேன். பழங்களிலிருந்து வரும் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கெடுக்கும் என்பதால் மாம்பழம், வாழைப்பழம் எதையும் உள்ளே விடவில்லை. வீட்டில் என் பெயர் கெட்டது. ஒரு நாள் என் கணவர் அவற்றை எடுத்து உள்ளித் தீயல் குழம்புக்குத் தோல் உரிக்கவே உட்கார்ந்துவிட்டார், நல்ல வேளை நான் பார்த்தேன். மாசியில் தொட்டியில் நட்டோம். ஒரு சாண் இலை வந்தது, பங்குனி வெயிலில் காய்ந்தது. குளிரை மட்டும் கொடுத்தால் போதாது, அதற்குப் பிறகு மெதுவாக ஏறுகிற இளவெயிலும் வேண்டும். அதை நான் எந்தக் கடையில் வாங்குவது?

அதனால் இந்த வருடம் வேறு வழி. நம் மண்ணில் பூக்கிற சொந்தக்காரர்களை வளர்க்கப்போகிறோம்.

முதலாவது உள்ளியேதான். நாம் வாங்கும் உள்ளி சமவெளியில் சாதாரணமாகப் பூக்காது, கிழங்கை நட்டே பெருக்குவோம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.ஆன். 5 ரகம் பூத்து விதையும் பிடிக்கும். அந்த விதையை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். பந்து சிறியது, நிறம் வெள்ளை. ஆனால் கிட்டப் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாக ஏகப்பட்ட குட்டிப் பூக்கள், ஒவ்வொன்றிலும் ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள். ஊதாப் பந்திலும் இதே கணக்குத்தான். தோவாளைச் சந்தைக்குப் பூக் கட்டிக் கொடுக்கும் வீட்டுப் பிள்ளைகள் நம் பள்ளியில் நிறைய. எண்ணுவதில் அவர்களை மிஞ்ச முடியாது.

விவசாயம் பார்க்கும் அப்பாமார்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். பூத்த உள்ளியின் கிழங்கு தேறாது, தப்பித் தவறிப் பூத்தண்டு வந்தால் கிள்ளிப்போடுவதுதான் வழக்கம். நாங்கள் தெரிந்தேதான் கிள்ளாமல் விடப்போகிறோம்.

இரண்டாவது, நர்சரியில் கார்லிக் சைவ்ஸ் என்பார்களே, பூண்டு மணமுள்ள தட்டை இலைச் செடி. வெக்கையைத் தாங்கும், வெள்ளைப் பூ பூக்கும், தூரைப் பிரித்து நட்டால் பெருகும். மணிப்பூரில் இதைச் சமையலுக்கே வளர்க்கிறார்கள். மூன்றாவது துல்பாகியா. தென்னாப்பிரிக்கச் செடி, அல்லியம் அல்ல, நெருங்கிய உறவு. இளம் ஊதாப் பூ வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காக அது.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். வீட்டில் முளைவிட்ட உள்ளி இருந்தால் தூக்கிப் போடாமல் ஒரு கைப்பிடி கொடுத்தனுப்புங்கள். அவை பூக்காவிட்டாலும் தாள் விடும், பிள்ளைகள் இரண்டு ரகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாடு வைத்திருப்பவர்கள் காய்ந்த சாணம் ஒரு வாளி தந்தால் போதும். பணம் யாரும் தர வேண்டாம். போன தடவை தண்ணீர் தேங்கியதுதான் பாதிக் கேடு, எனவே இந்தமுறை ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுகிறோம். மழை வெறித்ததும் வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: வெங்காய இனம் எதுவும் நாய், பூனை, மாட்டுக்கு ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். களை எடுக்கும்போது பறித்த உள்ளித் தாளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்தால் தொழுவத்தில் போட்டுவிடாதீர்கள்.