முதலில் முடிக்கும் பிள்ளைக்கு நாம் தருவது என்ன?

அன்பார்ந்த பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

கொடுத்த பத்துக் கணக்குகளையும் மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிட்டு நிமிரும் பிள்ளைக்கு, அதே வகையில் மேலும் பத்துக் கணக்குகளைக் கொடுத்து உட்காரவைப்பது நம் வகுப்புகளில் நெடுநாள் வழக்கமாக இருந்துவந்துள்ளது. விரைந்து முடித்தால் வேலைதான் கூடும் என்று கண்டுகொண்ட பிள்ளை, மறுமுறை வேண்டுமென்றே மெதுவாக எழுதுகிறது. அல்லது பக்கத்திலிருப்பவரோடு பேசித் திட்டு வாங்குகிறது. இது பிள்ளையின் குற்றமன்று, எங்கள் குறை.

ஆகவே, இனி ஒவ்வொரு பாடத்தையும் தொடங்குமுன் சிறு முன்தேர்வு ஒன்று நடத்துவோம். அப்பாடத்தை ஏற்கெனவே அறிந்திருக்கும் மாணவர் அதைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில், ஒரு விதி எல்லா எண்களுக்கும் ஏன் பொருந்துகிறது என்று நிறுவுவது, தாமே புதிய கணக்கொன்றை அமைப்பது, ஒரே நிகழ்வைப் பற்றிய இரு வேறு பதிவுகளை ஒப்பிட்டு எது நம்பத்தக்கது என்று வாதிடுவது போன்ற, உண்மையிலேயே தடுமாற வைக்கும் பணிகளில் ஈடுபடுவார். ஒரு பாடத்தில் மட்டும் மிகவும் முன்னேறியிருப்பவர் அந்தப் பாடவேளைக்கு மேல்வகுப்பில் அமரலாம். ஒரு வகுப்பையே தாண்டி ஏற்றுவதைப் பிள்ளையின் விருப்பத்தையும் மனமுதிர்ச்சியையும் அறிந்த பின்னரே எண்ணிப் பார்ப்போம்.

மீத்திறன் மிக்கவர், அதாவது வயதுக்கு மிஞ்சிய ஆற்றல் உள்ளவர், யார் என்பதை மதிப்பெண்ணையோ ஒரே சோதனையையோ கொண்டு முடிவு செய்ய மாட்டோம். அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் மீத்திறன் மிக்க பிள்ளைகளைப் பற்றி 1921-இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வுக்காக நுண்ணறிவுச் சோதனை நடத்திப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தபோது, தேறாமல் விடுபட்டவர்களுள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வாரெஸும் இருந்தனர். பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசை முன்னவர் 1956-இலும் பின்னவர் 1968-இலும் பெற்றனர். வாசிக்கத் திணறும் பிள்ளையிடமும், வகுப்பில் வாய் திறவாத பிள்ளையிடமும் அரிய ஆற்றல் மறைந்திருக்கக்கூடும் என்பதை ஆசிரியர்களிடம் நான் வலியுறுத்தி வருகிறேன்.

உங்கள் பிள்ளை யாரும் சொல்லாமலே மணிக்கணக்கில் எதில் மூழ்குகிறது, எதைப் பற்றி ஓயாமல் கேட்கிறது என்பதை நான்கு வரிகளில் எழுதி வகுப்பாசிரியருக்குக் கொடுத்தனுப்புங்கள். பத்து வயதில் பதினான்கு வயதினரின் கணக்கைப் போடும் பிள்ளையும், தோற்றால் பத்து வயதுக் குழந்தையாகவே அழும். புதிய பணிகளில் விடை தவறிப் பிள்ளை வீட்டுக்கு வரும் நாளில், மதிப்பெண்ணைக் கேட்காமல், எந்த இடத்தில் சிக்கியது என்று கேளுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்