பதக்கம் இல்லாத ஆசிரியை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தற்காப்புக் கலைப் பயிற்றுநர்களைப் பற்றிக் கடந்த இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அவர்கள் இளமையில் வென்ற பதக்கங்களையும் கோப்பைகளையும் விரிவாகப் பேசிய கட்டுரை, யாருக்கு, எப்படி, எத்தனை காலம் கற்பித்தார்கள் என்பதை மட்டும் ஓரிரு வரிகளில் கடந்துவிட்டது வருத்தமளித்தது. களத்தில் வென்றவர்கள் எல்லோரும் நல்ல ஆசான்களாகிவிடுவதில்லை. நல்ல ஆசான்கள் சிலருக்குக் களமே வாய்த்ததில்லை. ஜூடோ ஆசிரியை கெய்கோ ஃபுகுடாவின் வாழ்க்கை இதற்குச் சான்று.

அவர் 1913-இல் டோக்கியோவில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஹச்சினோசுகே ஃபுகுடா, ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவுக்கு ஜுஜுத்சு என்னும் பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுத்தவர். அந்த நன்றியை மறவாத கானோ, தம் ஆசானின் பேத்தியைத் தாமே அழைக்க, 1935-இல் அவர் கோடோகன் பயிற்சிக்கூடத்தின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். உயரம் ஐந்தடிகூட இல்லை. அங்கே பெண்களுக்குப் பயிற்சி உண்டு, போட்டி கிடையாது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றபோதும் ஆண்கள் மட்டுமே மோதினார்கள்; மகளிருக்குப் பதக்கப் போட்டி வந்தது 1992-இல், பார்சிலோனாவில். அப்போது அவருக்கு வயது 79.

ஆனால் அந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ‘ஜூ நோ கட்டா’வைச் செய்து காட்டினார். இருவர் சேர்ந்து செய்யும் இந்த வரிசைப் பயிற்சியில் 15 நுட்பங்கள் உண்டு. ஒருவர் நிதானமாகக் கையை நீட்டித் தாக்க வர, மற்றவர் அந்த விசையைத் தடுக்காமல் அதன் போக்கிலேயே உடலைத் திருப்பி, வந்தவர் நிலைகுலையும் கணத்தில் அவரைத் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறார். எதிராளியை முதுகின்மேல் தூக்கும் இடங்களும் உண்டு. ஆனால் கீழே எறிவதில்லை. உடையைப் பற்றி இழுக்க வேண்டியதில்லை என்பதால் அன்றாட உடையிலேயே பயிலலாம். பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றும் இதில் வேகம் இல்லாததால் எந்தப் பிழையையும் மறைக்க முடியாது. பாதம் சற்றே தள்ளி ஊன்றினாலும், எடை ஒரு காலில் தங்கிவிட்டாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஜூடோ பயின்ற எவரும் இதன் கடினத்தை அறிவார்கள். இதைக் கற்பிப்பதைத்தான் ஃபுகுடா தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார்.

திருமணத்தை விடுத்து ஜூடோவைத் தேர்ந்தெடுத்த அவர், 1953-இல் முதன்முறையாக அமெரிக்கா சென்று கற்பித்தார். 1966 முதல் அங்கேயே தங்கி, மில்ஸ் கல்லூரியிலும், பின்னர் சான்பிரான்சிஸ்கோவில் பெண்களுக்கென்றே தாம் நடத்திய பயிற்சிக்கூடத்திலும் தொண்ணூறு வயதைத் தாண்டியும் பாடம் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்க மாணவிகளுக்காக அவர் தம் ஜப்பானியக் குடியுரிமையையே விட்டுக்கொடுத்தார் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

பட்டங்கள் அவருக்கு மிகத் தாமதமாகவே வந்தன. ஜூடோவில் கருப்புப் பட்டை பெற்றவர்களுக்கான படிநிலையை ‘டான்’ என்பார்கள். பெண்கள் ஐந்தாம் டானுக்கு மேல் உயர முடியாது என்றிருந்த நிலையில், பல்லாண்டுகள் அதே நிலையில் நிறுத்தப்பட்டிருந்த அவருக்கு 1972-இல்தான் ஆறாம் டான் கிடைத்தது. அது அவருடைய திறமையில் இருந்த குறையன்று, விதியில் இருந்த அநீதி. 2006-இல் கோடோகன் ஒன்பதாம் டானும், 2011-இல், அவருடைய 98-ஆம் வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டானும் வழங்கின. பத்தாம் டான் பெற்ற முதல் பெண் அவரே. 2013-இல் மறையும்போது, கானோவிடம் நேரடியாகப் பயின்றவர்களில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தாம்.

பதக்கங்களை மட்டும் எண்ணினால் இப்படிப்பட்ட ஒருவருக்குத் தங்கள் கட்டுரையில் இடமே கிடைத்திராது. ஆகவே, இனி பயிற்றுநர்களைப் பற்றி எழுதும்போது வேறு சில கேள்விகளையும் அவர்களிடம் கேட்குமாறு தங்கள் நிருபர்களை வேண்டுகிறேன். புதிதாக வரும் குழந்தைக்கு அடிபடாமல் விழுவதை எத்தனை பொறுமையோடு கற்றுத்தருகிறார்கள்? அவர்களிடம் வரும் பெண்களில் எத்தனை பேர் தொடர்ந்து நிலைக்கிறார்கள்? காயம்பட்ட மாணவரைப் போட்டிக்காக அவசரப்படுத்தாமல் காத்திருக்கச் சொல்கிறார்களா? அவர்களிடம் பயின்றவர்களில் யார் யார் இன்று பிறருக்குக் கற்பிக்கிறார்கள்? முடிந்தால் அந்த மாணவர்களையும் நேரில் சந்தித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர்